கப்பல் ஏறுகிறவர்கள் கவனத்துக்கு

கப்பலில் ஏறிய முதல் நாள் யாரும் மேல்தளத்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகாதீர்கள். ஏறுகிற கூட்டம் மொத்தமும் பசியோடு தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேதான் போய் நிற்கும். கீழே உட்கார வைத்துப் பரிமாறுகிற உணவகம் ஒன்று காலியாகக் கிடக்கும். சாப்பாடு கிட்டத்தட்ட அதேதான், தனியாகக் காசும் கிடையாது. ஆனால் அது இருப்பதை யாரும் நமக்கு வலிய வந்து சொல்ல மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது எப்படி என்றால், புறப்படுவதற்கு முன்னால் பல மாதம் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கப்பல் வீடியோவாகவே பார்த்துக்கொண்டிருந்தேன். "ஏனுங்க, என்னையப் பொண்ணு பாக்க வரும்போதுகூட நீங்க இத்தன விசாரிச்சிருக்க மாட்டீங்க" என்பாள் என் வீட்டுக்காரி கோகிலாமணி. அவள் சொன்னது உண்மைதான்.

என் பெயர் அங்கப்பன். பெரியநாயக்கன்பாளையத்தில் பம்பும் பம்பு உதிரிச் சாமானும் விற்கிற கடை வைத்திருக்கிறேன். போன வருஷம் டார்கெட் முடித்த டீலர்களுக்கு ஒரு பம்பு கம்பெனி கப்பல் பயணம் அறிவித்தது. சென்னையில் ஏறி, இலங்கையைப் பார்த்துவிட்டு, சென்னைக்கே திரும்புகிற கப்பல். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து பதினைந்து குடும்பம். ஓசியில் கிடைத்த பயணம்தானே என்று அரைகுறையாக அனுபவிக்கிற ஆள் நான் இல்லை. கம்பெனி சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை, வெயிலில் தோட்டம் தோட்டமாக அலைந்து மோட்டார் விற்று வாங்கியது. ஒரு துளி வீணாகப் போகக்கூடாது என்று டீலர்கள் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒரு யோசனை எழுதிப் போட்டேன்.

ரூம் கேட்கும்போது கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் குறைவு. பெரிய பெட்டி ரூமுக்கு வந்து சேரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் மாத்திரையும் மாற்றுத்துணியும் கைப்பையில் இருக்கட்டும். ரூம் சுவரெல்லாம் இரும்பு. நம் கடையில் கிடக்கிற காந்தக் கொக்கி நாலு கொண்டுவந்தால் ஈரத்துண்டு காயப்போடலாம். நீச்சல்குளம் எந்நேரமும் சந்தைக்கடைபோல இருக்கும், காலைச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ஈ காக்கை இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலே, இன்டர்நெட் வாங்காதீர்கள். விலை அநியாயம். அதோடு, நெட்டை வாங்கினால் கடையையும் தோளில் தூக்கிக்கொண்டுதான் கப்பல் ஏறவேண்டும். நாலு நாள் நாம் இல்லாவிட்டால் ஊரில் ஒன்றும் முழுகிப்போகாது என்று எழுதினேன். பதினைந்து குடும்பமும் கைகூப்பும் பொம்மை போட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

புறப்படுவதற்கு முந்தின நாள் என் அக்கா பழனாத்தாளிடம் போனில் பேசினேன். சென்னிமலையில் கட்டிக்கொடுத்தது. என்னைவிட ஏழு வயசு மூத்தவள். கப்பலில் எத்தனை மாடி, எத்தனை சமையல்காரர் என்று நான் சொல்லிக்கொண்டே போனேன், அவளும் "அப்படியா சாமி, அப்படியா சாமி" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் எப்போதும் போல அந்தப் பேச்சை எடுத்தாள்.

"பாலுகிட்ட ஒரு வார்த்த பேசிப்போடு கண்ணு. நா இருக்கறப்பவே பேசீருங்க."

"சிக்னல் சரியில்லக்கா, வந்து பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

பாலுசாமி என் சித்தப்பன் மகன். எங்கள் தாத்தாவுக்கு இரண்டு ஆண்பிள்ளைகள், அந்த வழியில் இன்றைக்கு நானும் அவனும்தான் மிச்சம். கொடுமுடிப் பக்கம் எங்கள் பூமி. இரண்டு வீட்டுக்கும் பொதுக்கிணறு, முறை வைத்துத் தண்ணீர் இறைப்போம். நான் கடைக்கு வந்து பூமியைக் குத்தகைக்கு விட்ட பிறகு, ஊரில் இல்லாதவனுக்கு எதற்கு முறை என்று அவன் கேட்டான். நான் மோட்டார் ரூமுக்கு ஒரு பூட்டுப் போட்டேன். அவன் அதன்மேல் இன்னொரு பூட்டுப் போட்டான். பம்பு விற்கிறவன் வீட்டில் பம்புச் சண்டை என்று ஊரே சிரித்தது. அன்று நின்ற பேச்சு பதினோரு வருஷமாக நின்றபடியே இருக்கிறது. அவனுக்கு அவன் நியாயம், எனக்கு என் நியாயம். அக்கா மட்டும் இரண்டு வீட்டுக்கும் போவாள், இரண்டு வீட்டிலும் சாப்பிடுவாள்.

கப்பல் கிளம்பிய மறுநாள் முழுக்கக் கடலில்தான் ஓட்டம். அன்று காலையில் மேல்தளத்தில் காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். சுற்றிலும் ஒரே தண்ணீர். பீளமேட்டு டீலர் கோவிந்தராஜுலு நாயுடுவிடம், இலங்கையில் எல்லோரும் இறங்குகிற நேரத்தில் நாம் இறங்காமல் இருந்தால் கப்பலே நம்முடையது என்று விளக்கிக்கொண்டிருந்தேன். கோகிலாமணி வந்து பக்கத்தில் நின்றாள். தலை சீவாமல் வந்திருந்தாள்.

"ஏனுங்க, செத்த ரூமுக்கு வாங்க."

ரூமில் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள். அக்கா காலையில் வாசல் தெளிக்க வெளியே வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. அவள் மகன் மதன்குமார் வாட்ஸப்பில் குரல் அனுப்பியிருந்தான்.

நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "உனக்கு எப்படி நெட்டு வந்துச்சு?"

"நா வாங்குனனுங்க. மெசேஜு மட்டும் போற சின்ன பிளான். நித்யாகிட்டப் பேசாம எனக்கு இருக்க முடியாதுங்க." நித்யஸ்ரீ எங்கள் ஒரே மகள், புனாவில் இருக்கிறாள். கோகிலாமணி அழுதுகொண்டே சொன்னாள். "திட்டறதா இருந்தா அப்பறம் திட்டிக்குங்க."

பதினைந்து குடும்பத்தில் என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் என் வீட்டுக்காரிதான். அதற்காகக் கோபப்படுவதா வேண்டாமா என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. அவள் போனை நீட்டினாள். மதன்குமார் குரல் கேட்டது.

"அத்தே, மாமாகிட்டச் சொல்லுங்க அத்தே. பொழுது உழுகறதுக்குள்ள எடுத்தரோணும்னு பெரியவங்கெல்லாம் சொல்றாங்க. பொறந்த ஊட்டுக் கோடிக்கு என்ன பண்றதுன்னு மாமாதான் சொல்லோணும். அது உழாம எப்படி எடுக்கறதுங்க? அம்மாவ நடு ஊட்ல போட்டு வெச்சிருக்கறோம் அத்தே."

எங்கள் பக்கத்தில் கட்டிக்கொடுத்த பெண் செத்தால், பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுவந்து போர்த்தினால்தான் பிணத்தை எடுப்பார்கள். அதைத்தான் கோடி என்பது. புருஷன் பெரிய பணக்காரனாக இருந்தாலும், பிள்ளைகள் பட்டாக வாங்கி அடுக்கினாலும், அது கணக்கில் வராது. உடன்பிறந்தவன் போடவேண்டும். அவன் இல்லாவிட்டால் அவன் மகன். எனக்கு மகன் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டோம், அவள் வேறு வீடு. மகனும் இல்லாவிட்டால் பங்காளி போடலாம். ஆனால் உடன்பிறந்தவன் உயிரோடு இருக்கும்போது, அவன் வாயால் சொல்லாமல் பங்காளி அந்தச் சேலையைத் தொட முடியாது. பங்காளி என்று எனக்கு இருப்பது பாலுசாமி.

கீழே வரவேற்பில் போய்க் கேட்டேன். கழுத்தில் துணி கட்டிய பெண் ஒருத்தி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு வருத்தம் தெரிவித்தாள். நாளைக் காலையில்தான் கரை. அங்கிருந்து காகிதங்கள் தயார் செய்து விமானம் ஏற்றிவிட உதவுவார்களாம். எப்படிப் பார்த்தாலும் நான் சென்னிமலை போய்ச் சேர நாளை மறுநாள் ஆகும். அவள் கொடுத்த குளிர்ந்த துண்டை வாங்கி முகத்தைத் துடைத்துவிட்டு நன்றி சொன்னேன். மேசைமேல் வைத்திருந்த புதினா மிட்டாயில் இரண்டு எடுத்துக்கொண்டேன். அவை இலவசம்.

எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு உதட்டைத் தொட்டால் யாருடைய உதடோ மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. என்னைத் தூக்கி வளர்த்த அக்கா செத்துவிட்டாள் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். தினத்தந்தியில் யார் வீட்டுச் சாவையோ படிக்கிற மாதிரிதான் இருந்தது.

சாவுச் சேதி கேட்டால் கேட்ட துணியோடு தலைமுழுக வேண்டும். கோகிலாமணி ரூம் குளியலறையில் ஷவரைத் திறந்து தலையை நனைத்துக்கொண்டு வந்தாள்.

"நீங்களும் ஊத்திக்குங்க."

அலமாரி அளவு அறை அது. திரும்பினால் முழங்கை இடிக்கும். மேலேயிருந்து தூறல் மாதிரித் தண்ணீர் விழுகிறது. கூடப் பிறந்தவள் செத்ததற்கு இதில் நின்று தலையை நனைப்பதா? முழுகுவது என்றால் தலை தண்ணீருக்குள் போகவேண்டும். நான் மேலே படியேறினேன்.

படியில் நாயுடுவின் வீட்டம்மா ராமாமணி எதிரே வந்தார். "ஏனுங்கண்ணா, சாயங்காலம் ஷோவுக்கு எங்க உக்கோந்தா நல்லாத் தெரியும்?"

"கீழ உக்காராதீங்கம்மணி, முன்னாடி இருக்கறவங்க தலை மறைக்கும். பால்கனியில நடு வரிசை. கால் மணி நேரம் முன்னாடியே போயிருங்க" என்றேன். ஒரு சொல் தடுமாறவில்லை. என் வாய் என்னிடம் கேட்காமல் அதுபாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

காலைச் சாப்பாட்டு நேரம். நான் எழுதிப் போட்டது சரிதான், குளத்தில் ஒரு ஆள் இல்லை. வேட்டி சட்டையோடு படியில் இறங்கினேன். வாயில் பட்ட தண்ணீர் உப்புக் கரித்தது. கடல் தண்ணீரைத்தான் குளத்தில் விடுவார்கள் என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முதல் முழுக்குப் போட்டேன். வேட்டி காற்றுப் புகுந்து மேலே கிளம்பியது. அதை அமுக்கிக்கொண்டு இரண்டாவது முழுக்குப் போட்டு எழுந்தபோது விசில் சத்தம் கேட்டது. சிவப்பு டவுசர் போட்ட காவல்காரன் ஓடிவந்து கையை ஆட்டினான்.

"சார்! நோ காட்டன்! ஸ்விம் டிரஸ் ஒன்லி, சார்!"

அவனைப் பார்த்துக்கொண்டே மூன்றாவது முழுக்கையும் போட்டேன். இரண்டில் நிறுத்த முடியாது.

வெளியே ஏறி, சொட்டச் சொட்ட நின்றேன். காவல்காரன் ஆங்கிலத்தில் சட்டம் சொல்லிக்கொண்டிருந்தான். அந்தப் பக்கம் தட்டில் தோசையோடு போய்க்கொண்டிருந்த கோவிந்தராஜுலு நின்றுவிட்டார். கப்பலில் இருந்த மற்றவர்களுக்கு நான் குடிகாரன் மாதிரித் தெரிந்திருக்கும். எங்கள் ஊர்க்காரர் யார் பார்த்தாலும், காலை நேரத்தில் ஒரு ஆள் உடுத்திய துணியோடு ஈரமாக நின்றால் என்னவென்று புரிந்துவிடும். நாயுடு தட்டைப் பக்கத்து மேசையில் வைத்தார். தலையில் இருந்த வெயில் தொப்பியைக் கழற்றினார்.

"யாருங்க?"

"அக்கா. சென்னிமலை."

அவர் காவல்காரனைத் தோளில் கைபோட்டு அந்தப்பக்கம் கூட்டிப்போய்ப் பேசினார். என்ன ஆங்கிலத்தில் சொன்னாரோ, அந்தப் பையன் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை குனிந்துவிட்டுப் போனான். நாயுடு திரும்பி வந்தார்.

"கோடிக்கு ஆளு இருக்குதுங்களா?"

"பங்காளி ஒருத்தன் இருக்கறான்."

"அப்பறமென்னங்க, சொல்லீருங்க."

"பேச்சுவார்த்தை இல்லீங்க."

நாயுடு என் முகத்தைப் பார்த்தார். "இன்னிக்குமாங்க?" என்றார். தொப்பியைக் கையில் பிடித்தபடி போய்விட்டார். தோசை மேசையிலேயே இருந்தது.

எனக்குக் கோபம் வந்தது. நாயுடுவின் மேல் இல்லை, பாலுசாமியின் மேலும் இல்லை. செத்தும் என்னை விடவில்லையே என்று அக்காவின் மேல்தான் வந்தது. பதினோரு வருஷமாக வாயால் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது நடு வீட்டில் படுத்துக்கொண்டு கேட்கிறாள். நான் பேசாவிட்டால் அவள் போக முடியாது. பொழுது சாய்கிற நேரத்தில் ஊர்ப் பெரியவர்கள் பார்த்து, பிறந்த வீட்டில் ஆள் இல்லை என்று சொல்லி எடுத்துவிடுவார்கள். ஆள் இல்லாதவளாக அக்கா போய்விடுவாள். அந்தச் சொல் மட்டும் மரத்துப்போன உடம்புக்குள் எங்கோ போய்க் குத்தியது.

கோகிலாமணியைக் கூப்பிட்டுக்கொண்டு பின்பக்க மேல்தளத்துக்குப் போனேன். கப்பலில் நெட்டு நன்றாகக் கிடைப்பது அங்கேதான். பக்கத்தில் பாட்டுப் போட்டு ஒரு கூட்டம் கையைக் காலை ஆட்டிக்கொண்டிருந்தது. பாலுசாமி நம்பர் அவளிடம் இருந்தது. எப்படி என்று கேட்கவில்லை. எனக்குத் தெரியாமல் அவள் செய்கிற காரியங்கள்தான் இன்றைக்குக் கைகொடுக்கின்றன.

"கால் போகாதுங்க. இதைய அமுக்கிப் புடிச்சுப் பேசுனா குரல் போகும். கைய எடுத்தா அனுப்பீரும்" என்று காட்டிக் கொடுத்தாள். "தப்பாப் போச்சுன்னா எடுக்காம இந்தப்பக்கம் தள்ளிருங்க, அழிஞ்சுரும்."

அமுக்கிப் பிடித்தேன். "பாலுசாமி, அங்கப்பன் பேசறேன். கோடி எடுக்கோணும். ஈரோட்டுக்குப் போயிராத, இன்னிக்குக் கூட்டமா இருக்கும். ஊர்லயே எடு. முந்தானைய விரிச்சுப் பாத்து எடு, மடிப்புல கறை இருக்கும். வண்டிய முக்குலயே நிறுத்திப்போடு, உள்ள கொண்டு போனீன்னா எடுக்க முடியாது..."

"ஏனுங்க" என்று கோகிலாமணி என் கையைப் பிடித்தாள். "அவருக்கும் டிப்ஸுங்களா?"

தள்ளி அழித்தேன். மறுபடி அமுக்கினேன். "கெணத்து வெவகாரம் வேற, இது வேற. இதைய வெச்சு..." என்று தொடங்கினேன். அவள் தலையைத் திருப்பிக் கடலைப் பார்த்தாள். அதையும் நானே அழித்தேன்.

மூன்றாவது தடவை அமுக்கினேன். எங்கப்பன் அவனைக் கூப்பிடுகிற மாதிரி வாயில் வந்தது.

"பாலு. அக்கா போயிட்டா. நா கடல்ல மாட்டிக்கிட்டேன், வர முடியல. நம்மூட்டுக் கோடிய நீ கொண்டு போயிப் போடு."

கையை எடுத்தேன். போய்விட்டது. கடிகாரப் படம் கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு ஒரு கோடு விழுந்தது. அவன் பார்ப்பானா, பார்த்தாலும் கேட்பானா என்று தெரியவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் கேட்டிருப்பேனா என்றும் தெரியவில்லை. ஈர வேட்டி காற்றில் காலோடு ஒட்டிக்கொண்டது. ஆடுகிற கூட்டத்தில் ஒருத்தி என்னையும் ஆட வரச்சொல்லிக் கையசைத்தாள். நானும் பதிலுக்குக் கையசைத்து வைத்தேன்.

இரண்டு கோடு விழுந்தது. அது நீலமானது. கோகிலாமணி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவன் பேசிக்கொண்டிருக்கிறான் என்று மேலே எழுத்து வந்தது. அது நின்றது, மறுபடி வந்தது. கடைசியில் குரல் வந்து விழுந்தது. அவள் அமுக்கி என் காதில் வைத்தாள். பின்னால் பறைச்சத்தமும் பெண்கள் அழுகிற சத்தமும் தூரத்தில் கேட்டன. பாலுசாமியின் குரல் எனக்கு மறந்தே போயிருந்தது. அவனுக்கு எங்கள் அப்பனுடைய குரல்.

"அண்ணா, காத்தாலயே சேலை எடுத்துப்போட்டு வந்துட்டனுங்க. கிளிப்பச்சைங்க, அக்காளுக்குப் புடிச்ச நெறம். ஊட்டு முக்குல நிக்கறனுங்க. உள்ள வாங்க மாமான்னு மதன் ரெண்டு மூணு தடவ வந்து கூப்பிட்டுப் பாத்துட்டான். நீங்க ஒரு வார்த்த சொல்லாம, நா எப்படீங்கண்ணா சேலையத் தூக்கீட்டு அந்த வாசப்படி ஏறறது?" கொஞ்ச நேரம் பறைச்சத்தம் மட்டும் கேட்டது. "இப்பப் போகட்டுங்களா?"

காலையிலிருந்து நிற்கிறான். அந்த வெயிலில், நெஞ்சோடு சேலையை வைத்துக்கொண்டு, இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லோரும் பார்க்க நிற்கிறான். நான் புதினா மிட்டாய் எடுத்தபோதும் நின்றிருக்கிறான். பால்கனியில் நடு வரிசை என்று சொன்னபோதும் நின்றிருக்கிறான். என் வாயைப் பார்த்துக்கொண்டு ஒருத்தன் நிற்க, அக்கா உள்ளே படுத்திருக்கிறாள்.

நான் போனை வாங்கி அமுக்கிப் பிடித்தேன். போ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதிலாக என்னிடமிருந்து ஒரு சத்தம் வந்தது, மாடு கத்துகிற மாதிரி. ஆடிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நிறுத்த முடியவில்லை. அக்கா, அக்கா என்று என்னென்னவோ சொல்ல நினைத்து, ஒன்றும் சொல்லாகவில்லை. கோகிலாமணி என்னைத் தாங்கிப் பிடித்தபோது விரல் நழுவி, அந்த அழுகை அப்படியே போய்விட்டது. அழிக்கத் தெரியவில்லை.

உடனே நீலமானது. எழுத்தில்தான் பதில் வந்தது.

"சரிங்கண்ணா. உள்ள போறனுங்க."